ஆராய்ச்சிக்கு ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஒரு குடும்பம் குடியிருப்பதற்கு வேண்டிய வீட்டைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே மனிதன் படும் பாடு கொஞ்சமன்று. அப்படியிருக்க, இன்னும் எவருமே அறியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு வீட்டைக் கட்டித் தருமாறு உங்களிடம் ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்?

இது கற்பனைக் கேள்வி அன்று. உயிரியல் ஆராய்ச்சிக்காக ஒரு புதிய கட்டடம் எழுப்ப வேண்டுமென்று ஒரு பல்கலைக்கழகம் தீர்மானிக்கும்போதெல்லாம், அதை வகுத்துத் தரும் கட்டடச் சிற்பியின் முன் வந்து நிற்கும் கேள்வி இதுதான். சமையலறையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வகுப்பறையில் என்ன நடக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பின் என்ன நடக்கும் என்பது அங்கே பணிபுரியும் விஞ்ஞானிக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் அது ஆராய்ச்சியே அன்று.

காலத்தின் கணக்கைச் சற்றே பாருங்கள். 1953ஆம் ஆண்டில் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளின் முறுக்கேணி வடிவம் தெரியவந்தது. 1970களில் ஓர் உயிரின் மரபுத் துண்டை மற்றோர் உயிரினுள் ஒட்டும் கலை பிறந்தது. 1980களில் அந்தத் துண்டைக் குழாயினுள்ளேயே கோடிக்கணக்காகப் பெருக்கும் முறை வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதனுடைய மரபு எழுத்துகளையே இயந்திரமும் கணிப்பொறியுமாகச் சேர்ந்து படித்துவிட்டன. ஒவ்வொரு மாறுதலுக்கும் புதுக் கருவிகள் வந்தன. புது அறைகள் வேண்டியிருந்தன. கருவியின் ஆயுள் பத்தாண்டு. கட்டடத்தின் ஆயுளோ ஐம்பது, நூறு. பத்தாண்டுப் பொருளை நூறாண்டுச் சுவருக்குள் குடியமர்த்துவது எப்படி?

இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய கட்டடச் சிற்பி இரண்டு முறை விடையளித்தார். முதல் விடை உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அதில் பிழை இருந்தது. இரண்டாம் விடை அந்தப் பிழையிலிருந்தே பிறந்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கதைக்குள் நுழையுமுன் உயிரியல் ஆராய்ச்சிக்கூடம் என்பது எத்தகைய இடம் என்பதை ஓரளவு தெரிந்துகொள்வோம்.

நீங்கள் கல்லூரியில் கண்டிருக்கும் சோதனைச்சாலையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நீண்ட மேசை, எரிவாயுக் குழாய், தண்ணீர்த் தொட்டி, நுண்பெருக்காடி. ஆராய்ச்சிக்கூடத்திலும் இவை உண்டு. மேசையின் அகலம் ஏறக்குறைய இரண்டரை அடி. இரண்டு மேசைகளுக்கு நடுவே, இருவர் முதுகோடு முதுகு நின்று வேலை செய்யும்போது மூன்றாமவர் கையில் கண்ணாடிக் குடுவையுடன் இடிபடாமல் கடந்து செல்ல ஏறத்தாழ ஐந்தடி வழி வேண்டும். ஆகப் பத்து அல்லது பதினோரடி அகலம் என்பது ஆராய்ச்சிக்கூடத்தின் அடிப்படை அளவு. தூண்களுக்கு இடையிலுள்ள தூரம், சன்னலின் அகலம் யாவும் இந்த அளவின் மடங்குகளாகவே பெரும்பாலும் அமையும்.

இது கண்ணுக்குத் தெரிகிற பாதி. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பாதி இருக்கிறது.

முதலில் காற்று. நச்சாவி கிளம்பும் வேலைகளைக் கண்ணாடிக் கதவிட்ட ஒரு கூண்டுக்குள் செய்வார்கள். அந்தக் கூண்டு அறையின் காற்றை ஓயாமல் இழுத்து மாடிக்கு மேலே கொண்டுபோய்க் கக்கும். இழுத்த காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும். ஒரு முறை உள்ளே சுழன்ற காற்றையே திரும்பவும் உள்ளே விடுவது ஆபத்து. நோய்க்கிருமிகளைக் கையாளும் அறைகளில், நடைவழியைவிட அறையின் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்தாலும் காற்று உள்நோக்கிப் போகுமேயன்றிக் கிருமியைச் சுமந்து வெளியே வராது.

அடுத்தது தண்ணீர், அதிலும் சாதாரணத் தண்ணீர் ஒன்று, உப்பு நீக்கித் தூய்மை செய்த தண்ணீர் ஒன்று. பிறகு நீராவி, அழுத்திய காற்று, கரியமிலவாயு, மின்சாரம்; மின்சாரம் நின்றால் கைகொடுக்க மாற்று மின்சாரம். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய உயிரணுக்கள் உறைபெட்டியில் இருக்கும். ஓரிரவு மின்சாரம் தவறினால் அத்தனையும் பாழ். போதாக்குறைக்கு, தெருவில் வண்டி போனாலும் அதிராத தரை வேண்டும். நுண்பெருக்காடியின் கீழே ஒரு மயிரிழை அதிர்வும் பூகம்பமாகத் தெரியும்.

இத்தனைக்கும் குழாய்கள் வேண்டும். தடித்தவை, மெலிந்தவை, சூடானவை, குளிர்ந்தவை எனக் குழாய்க்காடு ஒன்று கட்டடம் முழுவதும் படர்ந்தாக வேண்டும். மனித உடலில் தோலுக்கு உள்ளே நாளமும் நரம்பும் ஓடுவது போன்றதே இது. பழைய கட்டடங்களில் முதலில் அறைகளைக் கட்டிவிட்டு, எஞ்சிய சந்து பொந்துகளில் இக்குழாய்களை நுழைத்தார்கள். ஒரு குழாய் பழுதுபட்டால் சுவரை இடிக்க வேண்டியதுதான்.

இப்போது கதைக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டில் அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு புதிய கட்டடம் எழுப்பும் பொறுப்பு லூயி கான் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே கட்டடக் கலை கற்பித்தவர். 1901இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். குழந்தைப் பருவத்தில் நெருப்புக் கங்குகளால் முகத்தில் ஏற்பட்ட தழும்பு கடைசிவரையில் அவரை விட்டு நீங்கவில்லை. இந்தப் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. பேர் சொல்லத்தக்க பெருங்கட்டடங்கள் பல அதுவரை அவர் கையிலிருந்து வெளிவந்ததில்லை. புதுக் கட்டடத்துக்கு மருந்தியல் அறிஞர் ஆல்பிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ் என்பாருடைய பெயர் சூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெனிசிலின் மருந்து பெருமளவில் உற்பத்தியாவதற்குத் துணைநின்ற பெரியார் அவர்.

கான் குழாய்களை அடியோடு வெறுத்தவர். அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் வெறுப்பவற்றை மூலையில் தள்ளி மறைப்பது அவர் இயல்பன்று. மறைத்தால் அவை எங்கேனும் புகுந்து கட்டடத்தைக் கெடுத்துவிடும். ஆகவே அவற்றுக்கென்றே உரிய இடத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு கட்டடத்தின் இடங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். தொண்டு பெறும் இடங்கள் ஒன்று. தொண்டு செய்யும் இடங்கள் மற்றொன்று. விஞ்ஞானி அமர்ந்து வேலை செய்யும் அறை தொண்டு பெறுவது. மாடிப்படி, காற்று வரும் வழி, காற்றுப் போகும் வழி, குழாய் ஓடும் வழி யாவும் தொண்டு செய்பவை. கோயிலுக்கு மடைப்பள்ளி எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் இவை. தொண்டு செய்பவற்றுக்கும் மதிப்பான இடம் வேண்டுமென்றார் கான்.

நேயர்களே, உங்கள் கையில் தாளும் பென்சிலும் இருந்தால் ஒரு சதுரம் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் 45 அடி என்று கொள்ளுங்கள். நாம் வழக்கமாக நான்கு மூலைகளிலும் தூண் நிறுத்துவோம் அல்லவா? கான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பங்காக்கி, பங்கு பிரியும் இரண்டிடங்களில் தூண்களை நிறுத்தினார். ஆக மொத்தம் எட்டுத் தூண்கள். மூலைகள் நான்கும் தூணில்லாமல், நீட்டிய கை போல வெளியில் நின்றன. அந்த மூலைகளில் கண்ணாடி பதித்தார். ஓவியன் தன் கூடத்தில் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து வரைவது போல, விஞ்ஞானியும் வெளிச்சம் நிறைந்த மூலையில் அமர்ந்து சிந்திப்பான் என்பது அவர் கண்ட கனவு.

இத்தகைய சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கோபுரம். அப்படிப்பட்ட மூன்று கோபுரங்கள், நடுவிலே நான்காவதான ஒரு தொண்டுக் கோபுரத்தைச் சூழ்ந்து நின்றன. நடுக்கோபுரத்தில் மின்தூக்கிகளும், சோதனைக்கான பிராணிகளின் இருப்பிடமும், புதுக் காற்றை உறிஞ்சும் பெரிய குழல்களும் அமைந்தன. ஆராய்ச்சிக் கோபுரங்களின் பக்கங்களிலே சன்னலில்லாத செங்கல் தூண்கள் வானளாவ எழுந்தன. அவற்றில் சில மாடிப்படிகள். மற்றவை கெட்ட காற்றை மேலே கொண்டுபோகும் புகைபோக்கிகள். கீழே நல்ல காற்றை வாங்குவது, உச்சியிலே தீய காற்றை விடுவது என்ற எளிய நெறி இது. தளங்களைத் தாங்கிய கான்கிரீட்டு உத்தரங்கள், ஆகஸ்ட் கோமெண்டண்ட் என்ற பொறியியலறிஞரின் துணையோடு, ஏணியைப் படுக்க வைத்தாற்போல் நடுநடுவே திறப்புடன் வார்க்கப்பட்டன. அந்தத் திறப்புகளின் வழியே குழாய்கள் தடையின்றிச் சென்றன.

1961க்குள் இப்பகுதி முடிவடைந்தது. நியூயார்க் நகரிலுள்ள நவீனக் கலைக் காட்சிசாலை அதே ஆண்டில் இந்த ஒரு கட்டடத்துக்கென்றே தனியாக ஒரு கண்காட்சி நடத்தியது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் கட்டடக் கலை மாணவர்கள் வந்து பார்த்தார்கள். பக்கத்திலேயே உயிரியல் துறைக்காக மேலும் இரு கோபுரங்கள் எழுந்து 1965இல் முடிந்தன. ஐம்பத்தாறு வயதுவரை அதிகம் அறியப்படாதிருந்த ஒருவர் உலகின் முன்னணிக் கட்டடச் சிற்பிகளுள் ஒருவராகிவிட்டார்.

எல்லாம் சரி. உள்ளே குடியிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

அவர்களுடைய முதற்குறை வெயில். கான் அன்போடு அளித்த மூலைச் சன்னல்கள் வழியே சூரிய ஒளி நேராகப் புகுந்து மேசைமேல் விழுந்தது. ஒரு மெல்லிய சாயத்தின் நிறம் மாறுகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியவனுக்குக் கண் கூசியது. மங்கலான ஒளியில் செய்யவேண்டிய சோதனைகளைச் செய்ய முடியவில்லை. வெயிலைத் தடுக்கும் ஏற்பாடுகள் ஆதியில் எண்ணப்பட்டவைதாம். செலவைக் குறைக்க வேண்டுமென்ற நெருக்கடியில் அவை கைவிடப்பட்டன. விஞ்ஞானிகள் என்ன செய்வார்கள்? அலுமினியத் தாளை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார்கள். உலகம் வியந்த கட்டடத்தின் சன்னல்களில் சமையலறைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது!

இரண்டாவது குறை தூசி. குழாய்கள் கூரையின் கீழே மூடப்படாமல் வெளியே தெரியும்படி ஓடின. கட்டடத்தின் உண்மையை மறைக்கக் கூடாது என்பது கானின் எண்ணம். ஆனால் குழாயின்மேல் படிந்த தூசி, கிருமியில்லாத தூய்மை வேண்டிய மேசைமேல் உதிர்ந்தது. ஓரறையின் ஓசை மற்றோரறையில் கேட்டது.

மூன்றாவது குறைதான் ஆழமானது. 45 அடிச் சதுரம் முழுவதையும் திறந்த கூடமாக விட்டு, எல்லோரும் ஒருங்கிருந்து வேலை செய்வார்கள் என்று கான் நினைத்தார். உள்ளே வந்தவர்களோ தத்தம் கருவிக்கும் குளிரறைக்கும் ஏற்பத் தடுப்புச் சுவர்களை எழுப்பிக்கொண்டார்கள். நடைவழி வளைந்து நெளிந்தது. ஒரு குழு வளர்ந்து மேலும் சிறிது இடம் வேண்டுமென்றால் பக்கத்தில் இடமில்லை. கோபுரத்தின் எல்லை அங்கேயே முடிந்துவிடும். நடுக்கோபுரத்தைக் கடந்து அடுத்த கோபுரத்துக்குப் போக வேண்டும். விஞ்ஞானி இப்படித்தான் வாழ்வான் என்று ஓர் அழகிய கற்பனை செய்து, அந்தக் கற்பனையின் அளவுக்கே சட்டை தைத்துவிட்டார் கான். உடம்பு வளர்ந்தது, சட்டை வளரவில்லை.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கான் கவனமற்றவர் அல்லர். திறமையில் குறைந்தவரும் அல்லர். குழாய்க்கும் காற்றுக்கும் அவர் அளித்த இடம் அதற்குமுன் எவரும் அளியாதது. ஆயினும் மாலை மூன்று மணிக்கு அந்த மூலையில் அமர்ந்திருப்பவனுடைய கண்ணுக்கு எப்படியிருக்கும் என்ற சிறு கேள்வி எங்கோ நழுவிவிட்டது. பெரிய கேள்விக்கு விடை கண்டவர்கள் சிறிய கேள்வியில் தவறுவது உலகில் புதிதன்று. தவறிய பின் என்ன செய்கிறார்கள் என்பதே அவர்களை அளக்கும் கோல்.

1959ஆம் ஆண்டின் இறுதியில், பிலடெல்பியாக் கட்டடம் இன்னும் முடிவுறாத நிலையில், கானைத் தேடி ஒரு விருந்தினர் வந்தார். அவர் பெயர் ஜோனஸ் சால்க். இளம்பிள்ளை வாதம் என்னும் கொடிய நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டவர். அம்மருந்து பயனுள்ளது என்ற செய்தி 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் லா ஹோயா என்னும் கடற்கரையிலே, சான் டியேகோ நகரம் வழங்கிய நிலத்தில் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவ அவர் விரும்பினார். ஓவியர் பிக்காசோவை அழைத்து வந்து காட்டினாலும் தலைகுனிய வேண்டாத இடமாக அது அமைய வேண்டும் என்பது அவர் ஆசை.

கட்டடம் கேட்பவர் இரு வகையினர். இத்தனை அறை, இத்தனை சதுர அடி என்று பட்டியலைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பவர் ஒரு வகை. கூடவே அமர்ந்து சிந்திப்பவர் மற்றொரு வகை. சால்க் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். கான் முதலில் நான்கு ஆராய்ச்சிக் கட்டடங்களையும் அவற்றுக்கிடையே இரண்டு தோட்டங்களையும் கொண்ட ஒரு திட்டத்தை வரைந்தார். வேலை தொடங்கும் தறுவாய். சால்க் அந்த நிலத்தில் நின்று யோசித்துப் பார்த்தார். இரண்டு தோட்டங்கள் என்றால் விஞ்ஞானிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்களே என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமென்று கானிடம் கேட்டுக்கொண்டார். மாதக்கணக்கில் வரைந்த படங்களைத் தூக்கி எறியச் சொன்னால் யாருக்குத்தான் வருத்தம் வராது? கானுக்கும் வந்திருக்கும். ஆயினும் அவர் ஒப்புக்கொண்டார். புதிதாக வரைந்தார். இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரே முற்றம்.

இனி அந்த இரண்டாம் விடையைப் பாருங்கள். பிலடெல்பியாவிலே 45 அடிச் சதுரம். அதாவது 2,025 சதுர அடி. இங்கே ஒவ்வொரு தளத்திலும் 65 அடி அகலமும் 245 அடி நீளமும் கொண்ட கூடம். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. நடுவிலே ஒரு தூண்கூட இல்லை. எந்தச் சுவரையும் எங்கும் நிறுத்தலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். இத்தனை அகலத்தையும் தூணின்றித் தாங்குவதற்கு மிக உயரமான உத்தரங்கள் வேண்டும். அவை நடுவே திறப்புடைய அதே ஏணி உத்தரங்கள். இம்முறை ஓர் ஆள் உயரத்துக்கும் மேற்பட்டவை. அந்த உயரத்தைக் கான் வீணாக்கவில்லை. ஒவ்வோர் ஆராய்ச்சித் தளத்துக்கும் மேலே ஒன்பதடி உயரமுள்ள ஒரு தளம் முழுவதையும் குழாய்களுக்கென்றே விட்டுவிட்டார்!

ஒரு மாடி விஞ்ஞானிக்கு, ஒரு மாடி குழாய்க்கு என மாறி மாறி வரும் அமைப்பு இது. குழாய் மாடியிலே தொழிலாளர்கள் நிமிர்ந்து நடந்து பழுது பார்க்கலாம். கீழே சோதனை நடந்துகொண்டிருக்கும். மேலே குழாயை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் இடைஞ்சல் இல்லை. கீழ்த்தளத்தின் கூரையில் வரிசையாக நீண்ட பிளவுகள் விடப்பட்டிருக்கின்றன. எந்த மேசைக்குத் தண்ணீரோ வாயுவோ மின்சாரமோ வேண்டுமோ, அதற்கு நேர்மேலேயுள்ள பிளவின் வழியே இறக்கிக்கொள்ளலாம். குழாய் இனி தூசியைச் சிந்தவும் முடியாது.

வெயிலின் பிழையும் திருத்தம் பெற்றது. சோதனை வேறு, சிந்தனை வேறு என்று கான் உணர்ந்துவிட்டார். சோதனைக்குப் பெரிய கூடம். தனித்திருந்து சிந்திப்பதற்கோ முற்றத்தை நோக்கிய சிறு அறைகள். கூடத்திலிருந்து சிறு பாலம் ஒன்றைக் கடந்து அங்கே போக வேண்டும். ஒவ்வோர் அறையும் சற்றே சாய்த்து அமைக்கப்பட்டிருப்பதால் எல்லாவற்றிலிருந்தும் பசிபிக் பெருங்கடல் தெரியும். அவற்றின் சன்னல்கள் தேக்கு மரத்தாலானவை. நகர்த்தத்தக்க மரத்தடுப்புகள் உடையவை. எவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்பதை உள்ளே இருப்பவர் தம் கையாலேயே தீர்மானித்துக்கொள்ளலாம். அலுமினியத் தாளுக்கு அங்கே வேலை இல்லை.

நடு முற்றத்தில் மரங்கள் நடுவதா, செடிகள் வைப்பதா என்று கானுக்கு ஐயம். மெக்சிகோ நாட்டுக் கட்டடச் சிற்பி லூயி பர்ராகானை அழைத்துக் கேட்டார். ஒன்றும் நடவேண்டாம், வெறும் கல் தளமாக விட்டால் வானமே இதற்கு முகப்பாகிவிடும் என்ற கருத்தை அவர் சொன்னார். கானும் சால்க்கும் அதை ஏற்றார்கள். இன்றும் அந்த முற்றத்தின் நடுவே ஒரு சிறு வாய்க்கால் மட்டுமே கடலை நோக்கி ஓடுகிறது.

சால்க் நிலையத்தின் கட்டடம் 1965இல் எழுந்து நின்றது. அதன்பின் உயிரியல் எத்தனையோ முறை உருமாறிவிட்டது. டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் கலையும், கணிப்பொறி யுகமும் அதன் பிறகு வந்தவை. அந்தக் கூடங்களோ சுவர்களை மாற்றி, குழாய்களை மாற்றி, ஒவ்வொரு புதுமைக்கும் இடம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. எதிர்காலத்தில் என்ன வரும் என்று கான் முன்கூட்டி அறிந்திருந்தாரா? இல்லை. அறியாததற்கும் இடம் விட்டு வைத்தார், அவ்வளவுதான்.

நல்ல பாடம் நாடு கடந்து பரவும். இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகரில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் ஒன்று உண்டு. 1962இல் அது தனக்கெனக் கட்டடம் பெற்றபோது அதன் தலைவர் மாக்ஸ் பெருட்ஸ் உணவுக்கூடத்தையும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாகவே கருதினார். அதைப் பல்லாண்டு பொறுப்பேற்று நடத்தியவர் அவர் மனைவியார். பெரியவர், இளையவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்திப் பேசிய பேச்சில் எத்தனையோ சோதனைகள் கருக்கொண்டன. அதே ஆய்வகத்துக்கு 2013இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில், தளங்களுக்கு இடையிலே குழாய்களுக்கென ஆள் நடமாடும் தனி இடைத்தளங்கள் இருக்கின்றன. அதிர்வு தரும் கனத்த இயந்திரங்களிற் பெரும்பாலானவை கட்டடத்தை ஒட்டிய தனிக் கோபுரங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. தொண்டு செய்யும் இடங்களைப் பற்றிய கானின் எண்ணம் அரை நூற்றாண்டு கடந்து அங்கே வாழ்வதைக் காண்கிறோம்.

பிலடெல்பியாவின் அந்த முதற்கட்டடம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அதை எவரும் இடித்துவிடவில்லை. 2009இல் அமெரிக்க அரசு அதை நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதன்பின் பல்கலைக்கழகம் அதைப் படிப்படியாகப் புதுப்பித்தது. வெயிலின் கடுமையைக் குறைக்கும் கண்ணாடிகளைப் பதித்தது. திராவகமும் நச்சாவியும் வேண்டாத, கணிப்பொறி கொண்டு செய்யும் ஆராய்ச்சிகளுக்கு அதை ஒதுக்கியது. தடுப்புச் சுவர்கள் பல நீங்கின. கான் கனவு கண்ட திறந்த கூடமும் மூலை வெளிச்சமும், அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், தமக்கேற்ற குடிகளைப் பெற்றன. அன்று பொருந்தாத சட்டைக்கு இன்று அளவான உடம்பு கிடைத்தது என்று சொல்லலாம்.

கானுக்கு நம் நாட்டோடும் ஓர் உறவு உண்டு. ஆமதாபாத் நகரில் இந்திய நிர்வாகவியல் கழகத்தின் செங்கல் கட்டடங்களை வகுத்தவர் அவர்தாம். அங்கே வந்துவிட்டு நாடு திரும்பும் வழியில், 1974ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் நியூயார்க் நகர இரயில் நிலையத்தில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. அதுவரையில் அவர் வரைவதை நிறுத்தவில்லை, திருத்துவதையும் நிறுத்தவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை கட்டடச் சிற்பிகளாவீர்கள். சிலர் விஞ்ஞானிகளாவீர்கள். சிலர் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் அமர்ந்து, கட்டடத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்வீர்கள். சிற்பியாக இருந்தால், படத்தை வரையுமுன் மேசையில் அமரப்போகிறவரிடம் சென்று அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கேளுங்கள். விஞ்ஞானியாக இருந்தால், சால்க்கைப் போல, உடனிருந்து சிந்தியுங்கள். தவறு என்று தோன்றினால் சுவர் எழுமுன் சொல்லிவிடுங்கள். ஆட்சிக்குழுவில் இருந்தால், செலவைக் குறைக்கும் நாளில் வெயில் தடுப்பை முதலில் வெட்டிவிடாதீர்கள். அந்தச் சிக்கனத்தின் விலையைப் பிறருடைய கண்கள் நாள்தோறும் செலுத்திக்கொண்டிருக்கும்.

நீங்கள் யாராக இருந்தாலும் ஒன்றை மறவாதீர்கள். நமக்குத் தெரிந்தவற்றால் ஒரு கட்டடத்தை முழுதும் நிரப்பிவிடலாகாது. நமக்குத் தெரியாததும் ஒருநாள் வந்து தங்கும். அதற்கும் ஒன்பதடி இடம் விட்டு வைப்போம்.